சாப்பிட்டால்தான் காடு வளரும்



இந்த மாத வகுப்புக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'இயற்கையும் தர்மமும்'. பெரிய தலைப்பு. நான் பொறியியல் படிக்கிற மாணவன். சாஸ்திரங்களைக் கரைத்துக் குடித்தவன் இல்லை. அதனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதைக் கேட்டது நம் கிளையில் இருக்கும் நான்காம் ஆண்டு படிக்கிற ஒரு தம்பி.

கடந்த அனுமன் ஜெயந்தி அன்று, மலையடிவாரக் கோயில் ஒன்றுக்குக் கிளையோடு போயிருந்தோம். பூசை முடிந்ததும் சாலையோரத்தில் நின்று குரங்குகளுக்கு வாழைப்பழமும் ரொட்டியும் கொடுத்தோம். "அனுமாருக்கே கொடுக்கிற மாதிரி" என்று பெரியவர்கள் சொன்னார்கள். பெட்டி தூக்கியவர்களில் நானும் ஒருவன். படமெல்லாம் எடுத்தோம். எல்லாருக்கும் மனம் நிறைந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து, கோத்தோங் ரோயோங்குக்காக அதே கோயிலுக்குப் போனோம். குரங்குகள் காட்டுக்குள் இல்லை. சாலையோரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எந்தக் கார் வேகத்தைக் குறைத்தாலும் ஓடி வந்தன. வளைவில் ஒரு குட்டி லாரியில் அடிபட்டுக் கிடந்தது. அதன் பக்கத்திலேயே தாய் உட்கார்ந்திருந்தது. அந்தத் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "அண்ணே, நாம சாப்பாடு கொடுத்தோமே, அதனாலதான் இதுங்க இங்க வந்து உக்காந்துச்சா?"

"தெரியலைடா" என்றேன். தெரிந்துகொள்ள அப்போது நான் முயற்சி செய்யவும் இல்லை.

அதற்கடுத்த பருவ விடுமுறையில் பல்கலைக்கழக நண்பர்களோடு சபாவுக்குப் போனேன். கினபாத்தாங்கான் ஆற்றில் படகில் போய்க் காட்டு விலங்குகளைப் பார்ப்பதுதான் திட்டம். அங்கே, யாரும் கையால் எதுவும் கொடுக்காத ஓர் ஓராங் ஊத்தான் சாப்பிடுவதை இரண்டு மணி நேரம் பார்த்தேன். தம்பியின் கேள்விக்குப் பதில் தேட ஆரம்பித்தது அன்றுதான். அதன்பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

குரங்கும் வாலில்லாக் குரங்கும்

நாம் எல்லாவற்றையும் குரங்கு என்றே சொல்லிவிடுகிறோம். அடையாளம் சுலபம்: வால் இருக்கிறதா என்று பாருங்கள். கோயில் படிகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் நீண்டவால் குரங்கு, மலாயில் கெரா. வால் இல்லாதவை தனிக் குடும்பம். ஆப்பிரிக்காவில் கொரில்லா, சிம்பன்சி, பொனோபோ. நம் பக்கம் ஓராங் ஊத்தானும் கிப்பன்களும். உங்கா, சியாமாங் என்று மலாயில் சொல்கிறோமே, அவை கிப்பன் வகைகள்தாம்.

தீபகற்ப மலேசியாவில் காட்டு ஓராங் ஊத்தான் கிடையாது. சபா, சரவாக் காடுகளிலும், இந்தோனேசியாவின் கலிமந்தான், சுமத்ரா காடுகளிலும்தான் இருக்கின்றன. ஆனால் உங்காவும் சியாமாங்கும் நம் பகாங், பேராக் காடுகளில் இன்றும் காலையில் கூவுகின்றன. பகாங்கின் கோலா லொம்பாட்டில் 1960களின் கடைசியில் டேவிட் சிவர்ஸ் என்ற ஆய்வாளர், சியாமாங் குடும்பம் ஒன்றின் பின்னாலேயே நடந்து, அவை எப்போது என்ன சாப்பிடுகின்றன என்று குறித்துவைத்தார். வாலில்லாக் குரங்குகளைப் பற்றி உலகம் கற்ற பாடங்களில் சில நம் நாட்டுக் காட்டிலிருந்து போனவை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கெராவுக்குக் கன்னத்தில் பை இருக்கிறது. பழத்தை அதில் அடக்கிக்கொண்டு போய், நிதானமாகச் சதையைத் தின்றுவிட்டுப் பெரிய விதையைத் துப்பிவிடும். வாலில்லாக் குரங்குகளுக்கு அந்தப் பை இல்லை. உங்கா போன்றவை பழத்தை விதையோடு விழுங்கிவிடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

தினமும் தீபாவளி இல்லை

நாங்கள் பார்த்தது ஒரு தாயும் குட்டியும். ஆற்றின் மேல் சாய்ந்து நின்ற ஓர் அத்தி வகை மரத்தில் இருந்தன. நான் என்னவோ தாவும், குதிக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தாய் ஒரு கிளையில் உட்கார்ந்தது, கைக்கெட்டிய பழத்தையெல்லாம் தின்றது, அடுத்த கிளைக்கு நகர்ந்தது, மறுபடியும் தின்றது. என் நண்பன் படகிலேயே தூங்கிவிட்டான். படகோட்டிய பாக்சிக் மட்டும், "பழம் இருக்கும்வரை இங்கேதான் இருக்கும். முடிந்தால் போய்விடும்" என்றார்.

ஓராங் ஊத்தான் விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி இப்படிச் சாப்பிடுவதிலேயே போகிறது. பழம்தான் அதற்கு முதல் விருப்பம். சராசரியாகப் பார்த்தால் உணவில் பாதிக்கு மேல் பழமே. கூடவே இளந்தளிர், பூ, விதை, கறையான், எறும்பு. அது சாப்பிடும் தாவர இனங்கள் மட்டுமே 500க்கும் அதிகம் என்று ஆய்வாளர்கள் பட்டியலிட்டிருக்கிறார்கள். நம் வீட்டில் எத்தனை வகைக் காய்கறி சமைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு வகை எதற்கு? நம் மழைக்காட்டில் பழம் எப்போதும் கிடைப்பதில்லை. போர்னியோவில் மெராந்தி போன்ற பெருமரங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ பத்து ஆண்டுக்கு ஒருமுறையோ, யாரும் தேதி குறிக்க முடியாதபடி, திடீரென்று ஒன்றாகப் பூத்துக் காய்க்கும். எல் நினோவால் வரும் வறட்சிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அப்போது மற்றப் பழமரங்களும் சேர்ந்து காய்க்கும். காடே கல்யாண வீடாகிவிடும். அது முடிந்தால் பல மாதம் பஞ்சம்.

மேற்கு கலிமந்தானின் குனோங் பாலோங் காட்டில் செரில் நாட் என்ற ஆய்வாளர் இதை அளந்து 1998இல் வெளியிட்டார். பழம் கொட்டிய காலத்தில் ஓர் ஆண் ஓராங் ஊத்தான் ஒரு நாளில் சுமார் 8,400 கலோரி சாப்பிட்டது. பழம் குறைந்த காலத்தில் அது 3,800 ஆனது. பெண் சுமார் 7,400இலிருந்து 1,800க்கு இறங்கியது. விடிகாலையில் கூட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பைப் பிடித்து அவற்றின் சிறுநீரைச் சேகரித்துச் சோதித்தார்கள். பஞ்ச காலத்துச் சிறுநீரில் கீட்டோன் இருந்தது. அதாவது உடம்பு தன் சொந்தக் கொழுப்பையே எரித்து உயிர் வாழ்கிறது. நாம் ஏகாதசிக்கு ஒரு நாள் விரதம் இருந்துவிட்டு மறுநாள் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருப்போம். இவை வாரக்கணக்கில் மரப்பட்டையையும் முற்றிய இலையையும் மென்றுகொண்டு காத்திருக்கின்றன.

எது எப்போது பழுக்கும், எதன் பட்டையை உரிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் பிறக்கும்போதே தெரிந்து வருவதில்லை. குட்டி ஏழு எட்டு ஆண்டு தாயோடு இருந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. சுமத்ராவின் சுவாக் பாலிம்பிங்கில் நீசியா என்ற பழம் இருக்கிறது, டுரியானுக்குச் சொந்தக்காரப் பழம். உள்ளே விதையைச் சுற்றிக் குத்துகிற முடி. அங்குள்ள ஓராங் ஊத்தான்கள் குச்சியை ஒடித்து, பட்டையை உரித்து, வாயில் பிடித்து அந்த முடியைத் தள்ளிவிட்டு விதையை எடுக்கின்றன. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலும் அதே பழம் உண்டு. ஆனால் அங்கே குச்சிப் பழக்கம் இல்லை. பார்த்துக் கற்றுக்கொள்ள அங்கே யாரும் இல்லை. அம்மாவைச் சுட்டுவிட்டுக் குட்டியைப் பிடித்து வந்து பால் கொடுத்து வளர்த்தால் குட்டி பிழைக்கலாம். ஆனால் அதற்குத் தெரியவேண்டிய காடு அம்மாவோடு போய்விடுகிறது.

கோபுரத்து அரசங்கன்று

இப்போது மறுபக்கம். சாப்பிடுகிறது சரி, காட்டுக்கு அதனால் என்ன?

நம் கோயில் கோபுரத்தில், சுவர் வெடிப்பில், ஒரு சின்ன அரசங்கன்று முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யார் அங்கே ஏறி நட்டார்? யாரும் இல்லை. ஏதோ ஒரு பறவை எங்கேயோ அரசம்பழத்தைத் தின்றுவிட்டு, கோபுரத்தில் வந்து உட்கார்ந்து எச்சம் போட்டது. உள்ளே விதை இருந்தது. அவ்வளவுதான். ஆண்டுக்கொரு தடவை ஆள் வைத்து அதைப் பிடுங்குகிறோம்.

மழைக்காட்டில் நடப்பதும் இதேதான். நாங்கள் பார்த்த அந்த மரமும் அரசு, ஆல், அத்தி மூன்றும் ஒரே இனக்கூட்டம். ஒவ்வோர் அத்தி வகைக்கும் மகரந்தம் சேர்க்கக் குட்டிக் குளவி வகை உண்டு. அந்தக் குளவிக்குச் சில நாள்தான் ஆயுள். அது சாகாமல் தொடர வேண்டுமானால் காட்டில் எப்போதும் ஏதாவது ஓர் அத்தி காய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் மற்ற மரங்கள் காய்க்காத மாதத்திலும் எங்கோ ஓர் அத்தியில் பழம் இருக்கும். பஞ்ச காலத்தில் ஓராங் ஊத்தான், உங்கா, இருவாச்சி என்று எல்லாரும் வந்து சேரும் அன்னதானக் கூடம் அதுதான். நம் முன்னோர் இந்த மரங்களைச் சாமி மரம் என்று வைத்தார்கள். அதற்குக் குளவிக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதன் கீழ் எத்தனை உயிர் வந்து உட்காருகிறது என்று பார்த்திருந்தாலே போதும்.

ஒரு மரத்துக்கு மிகப்பெரிய ஆபத்து தன் காலடியிலேயே பிள்ளைகளைப் போட்டு வைப்பது. தாய்மரத்தின் கீழ் அதே இனத்தைத் தின்னும் பூச்சியும் பூஞ்சையும் ஏற்கெனவே கூடியிருக்கும். அதனால் கீழே விழுந்து முளைத்த கன்றுகள் பெரும்பாலும் செத்துப்போகும், தள்ளிப் போனவை பிழைக்கும். ஜான்சன், கானெல் என்ற இரு ஆய்வாளர்கள் 1970, 71இல் தனித்தனியாக இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். மழைக்காட்டில் ஒரே இனம் கூட்டமாக நிற்காமல், நூறு இனம் கலந்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தள்ளிப் போக மரத்துக்குக் கால் இல்லை. கால் வைத்திருப்பவருக்குப் பழத்தைக் கூலியாகக் கொடுக்கிறது. உங்கா விதையோடு விழுங்குகிறது என்று சொன்னேன் அல்லவா? விழுங்கிய விதை ஏறக்குறைய ஒரு நாள் வயிற்றில் பயணம் செய்கிறது. அதற்குள் அது தன் எல்லைக்குள் பல மரம் தாண்டியிருக்கும். எங்கோ ஒரு கிளையிலிருந்து எச்சம் விழும், விதையோடு, கொஞ்சம் எருவோடு. ஓராங் ஊத்தான் இன்னும் பெரிய உடம்பு, பெரிய வாய். சின்னப் பறவையால் விழுங்க முடியாத விதையையும் அது கொண்டுபோகும். அதன் வயிற்றில் போய் வந்த விதைகளில் சில இனங்கள் நன்றாக முளைப்பதையும் கண்டிருக்கிறார்கள். அதோடு அது ஒவ்வொரு மாலையும் கிளைகளை ஒடித்துப் புதுக் கூடு கட்டுகிறது. ஒடிந்த இடத்தில் வெளிச்சம் கீழே இறங்கும். இருட்டில் காத்திருக்கிற கன்றுக்கு அது போதும்.

நண்பர்களே, இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். ஓராங் ஊத்தானைக் 'காட்டின் தோட்டக்காரன்' என்று பள்ளிப் பதாகைகளில் எழுதுகிறார்கள். பாதி உண்மை. அது டுரியானைப் பழுக்கும் முன்பே பிளந்து விதையையும் மென்று தின்றுவிடும். அந்த டுரியானுக்கு அது தோட்டக்காரன் இல்லை, திருடன். பட்டையை உரிப்பதால் சில மரங்கள் பாதிக்கப்படும். மெராந்தி விதைகளுக்கு இறக்கை உண்டு, அவை காற்றில் சுழன்று போகும், குரங்கின் தயவு தேவையில்லை. 1850களில் சரவாக்கில் அலைந்த வாலஸ், டுரியான் மரத்தில் இருந்த ஒரு பெண் ஓராங் ஊத்தான் தன்மேல் கிளையையும் பழத்தையும் எறிந்ததாக எழுதியிருக்கிறார். அதற்குத் தான் காட்டை வளர்க்கிறோம் என்ற எண்ணம் எதுவும் கிடையாது. பசிக்குச் சாப்பிடுகிறது. அந்தப் பசியே வேலையாக முடிகிறது.

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தை நம் வகுப்பில் படித்திருக்கிறோம். அன்னம், மழை, வேள்வி என்று ஒன்றையொன்று சுற்றி வரும் ஒரு சக்கரம் அங்கே பேசப்படுகிறது. வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எதையும் திருப்பித் தராதவனைத் திருடன் என்றே சொல்கிறது. அந்தப் படகில் எனக்கு அது வேறு மாதிரி புரிந்தது. காட்டில் சாப்பிடுவதும் திருப்பிக் கொடுப்பதும் இரண்டு தனித்தனிக் காரியம் இல்லை. சாப்பிடுகிற செயலிலேயே திருப்பிக் கொடுப்பதும் நடந்துவிடுகிறது. மனிதன் மட்டும்தான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறான்.

காடு நிற்கும், உள்ளே ஆள் இருக்காது

1992இல் கென்ட் ரெட்ஃபோர்ட் என்ற ஆய்வாளர் 'காலியான காடு' என்ற கருத்தை எழுதினார். மேலிருந்து பார்த்தால் பச்சையாக இருக்கும், மரம் எல்லாம் நிற்கும், ஆனால் வேட்டையால் பெரிய விலங்குகள் போயிருக்கும். அப்படிப்பட்ட காட்டை முழுக்காடு என்று நம்பி ஏமாறாதீர்கள் என்றார். இன்றைக்கு நிற்கும் மரம் நேற்று யாரோ கொண்டுபோய்ப் போட்ட விதை. இன்று கொண்டுபோக ஆள் இல்லை என்றால், அந்தக் குறை நாம் தாத்தா ஆன பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

போர்னியோ ஓராங் ஊத்தான் 2016இல் மிகவும் அழியும் நிலையில் உள்ள இனம் என்று அறிவிக்கப்பட்டது. 1999 முதல் 2015 வரை மட்டும் போர்னியோவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவை குறைந்துவிட்டதாக 2018இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. காடழிப்பு ஒரு காரணம். காடு இருக்கும் இடத்திலும் சுட்டுக் கொல்லப்படுவது இன்னொரு காரணம். சுமத்ராவில் 2017இல் தனி இனம் என்று கண்டறியப்பட்ட தாப்பனுலி ஓராங் ஊத்தான் 800க்கும் குறைவு. ஒரு தாய் ஏழு எட்டு ஆண்டுக்கு ஒரு குட்டி போடும். குறைந்ததை ஈடுசெய்ய அவற்றுக்கு நேரம் வேண்டும்.

கினபாத்தாங்கானில் படகு கொஞ்சம் திரும்பினாலே மரவரிசைக்குப் பின்னால் செம்பனை தெரியும். அங்குள்ள வனவிலங்குச் சரணாலயம் 2005இல் அறிவிக்கப்பட்டது. அது ஒரே காடாக இல்லை, ஆற்றோரம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. நடுவில் தோட்டங்கள்.

செம்பனையைத் திட்டிவிட்டுப் போவது எனக்குச் சுலபம் இல்லை. என் தாத்தா தோட்டத்தில் குலை வெட்டியவர். அந்தச் சம்பளத்தில் படித்த அப்பாவின் மகன் நான். உலகில் அதிகமாகப் பாமாயில் தயாரிக்கும் நாடுகளில் நாம் இரண்டாவது. வீட்டில் வடை பொரிக்கிற எண்ணெயும் அதுதான். அதனால் கேள்வி 'செம்பனை வேண்டுமா வேண்டாமா' என்பதல்ல. தோட்டத்துக்கு நடுவில் காடு நடந்துபோக வழி விட்டோமா என்பதுதான். சபாவின் 1998ஆம் ஆண்டு நீர்வளச் சட்டம் ஆற்றின் இரு கரையிலும் 20 மீட்டரைத் தொடாமல் விட வேண்டும் என்கிறது. கரைவரை நட்டுவிட்டால் ஒரு துண்டுக் காட்டில் இருக்கும் உங்கா அடுத்த துண்டுக்குப் போக முடியாது. அது தரையில் இறங்கி நடக்க விரும்பாத பிராணி. இந்தப் பக்கம் பழம் முடிந்தாலும் பழுத்த அத்தி அந்தப் பக்கம் இருந்தாலும், நடுவில் உள்ள இடைவெளி அதற்குக் கடல்.

பழம் கொடுப்பதா, பாலம் கட்டுவதா

இதைப் பார்த்த சிலர் செய்தது எனக்கு, பொறியியல் மாணவனாக, மிகவும் பிடித்திருந்தது. சுக்காவ் கிராமத்தில் வேலை செய்யும் ஹூத்தான் அமைப்பினர், சபா வனவிலங்குத் துறையோடு சேர்ந்து, சிற்றாறுகளின் குறுக்கே மரத்திலிருந்து மரத்துக்குக் கயிற்றுப் பாலம் கட்டினார்கள். தீயணைப்பு வண்டியின் பழைய குழாய்களைக்கூட அதற்குப் பயன்படுத்தினார்கள். கெரா சீக்கிரமே பயன்படுத்தியது. ஓராங் ஊத்தானோ பல ஆண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அது பாலத்தில் கடக்கும் முதல் புகைப்படம் 2010இல்தான் கிடைத்தது. பினாங்கின் தெலுக் பகாங்கிலும் 2019இல் சாலைக்கு மேலே இதே மாதிரி தீயணைப்புக் குழாயில் பாலம் கட்டியிருக்கிறார்கள். அது கண்ணாடிக் குரங்கு எனப்படும் லோத்தோங்குக்காக. அடிபட்டுச் சாகாமல் மேலேயே கடந்து போகிறது.

சபாவில் 1964இல் தொடங்கிய செப்பிலோக் மறுவாழ்வு மையத்தையும் சொல்ல வேண்டும். தாயை இழந்த குட்டிகளுக்கு அங்கே மேடையில் பழம் வைக்கிறார்கள். ஆனால் வேண்டுமென்றே ஒரே மாதிரி உணவைத் திரும்பத் திரும்ப வைக்கிறார்கள். அலுத்துப்போய்த் தானே காட்டில் தேடட்டும் என்று. கொடுக்கிற கை, தன்னைத் தேவையில்லாமல் ஆக்கிக்கொள்ளப் பார்க்கிறது. அனுமன் ஜெயந்தி அன்று நாங்கள் கொடுத்தது அப்படியா? மறுநாளும் அதே இடத்துக்கு வா என்று கற்றுக்கொடுத்துவிட்டு வந்தோம்.

கெரா வாலில்லாக் குரங்கு இல்லை என்று முதலிலேயே சொன்னேன். ஆனால் விதை விஷயத்தில் அதற்கும் வேலை உண்டு. சிங்கப்பூர்க் காடுகளில் செய்த ஆய்விலேயே, கெரா கன்னப்பையில் கொண்டுபோய் விதைகளைத் துப்புவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ரொட்டியில் விதை இல்லை. நாங்கள் ஊட்டியது ஒரு குரங்குக் கூட்டத்துக்கு. அந்த நேரத்தில் அவை காட்டில் செய்யவேண்டிய வேலையை நிறுத்தியும் வைத்தோம்.

வீட்டில் இதைச் சொன்னபோது பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆயுசு பூரா கோயிலுக்குப் போகும்போதெல்லாம் ஒரு சீப்புப் பழத்தோடு போனவர். பிறகு, "பசிக்குமேன்னுதான்டா கொடுத்தேன்" என்றார். அந்த மனசு தப்பே இல்லை. நான் அதை மாற்றச் சொல்லவில்லை. "அப்போ அதுங்களுக்கு நாம என்னதான் செய்யறது?" என்று அவரே கேட்டார். "வழி விடணும் பாட்டி" என்றேன். அன்றைக்கு எனக்கு வேறு பதில் கிடைக்கவில்லை, இன்றைக்கும் இதைவிட நல்ல பதில் தெரியவில்லை.

அடுத்த கிளைக் கூட்டத்தில் மூன்று விஷயங்களை முன்வைக்கப் போகிறேன். ஒன்று, இந்த அனுமன் ஜெயந்திக்கு வடைமாலையும் பழமும் சன்னிதியில் ஆஞ்சநேயருக்குப் படைப்போம், பிரசாதத்தை மனிதர்களே பகிர்ந்து சாப்பிடுவோம், சாலையில் கொடுக்க வேண்டாம். இரண்டு, கோயில் மண்டபத்துக்குக் குரங்கு திறக்க முடியாத மூடி போட்ட குப்பைத் தொட்டிகளை நானும் என் வகுப்பு நண்பர்களும் செய்து தருகிறோம். வரைபடம் தயார். மூன்று, பழப்பெட்டிக்கு ஆகும் பணத்தை மேலே சொன்ன மாதிரி மரப்பாலம் கட்டும் ஒரு வேலைக்குக் கொடுப்போம். பெரியவர்களில் சிலருக்கு முதல் விஷயம் பிடிக்காது என்று தெரியும். காலங்காலமாகச் செய்வதை நேற்றுப் பிறந்தவன் நிறுத்துகிறான் என்பார்கள். அதைக் கேட்கத் தயாராகத்தான் போகிறேன்.

அந்தத் தம்பிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த வகுப்பில் அவனும் இருப்பான். தம்பி, நீ கேட்டது சரிதான். அவை அங்கே வந்து உட்கார்ந்ததற்கு நாமும் ஒரு காரணம். இனி என்ன செய்யலாம் என்று நீயும் கூட்டத்தில் வந்து சொல்.

கலந்துபேசச் சில கேள்விகள்

1. குனோங் பாலோங் ஆய்வில் பஞ்ச காலத்தில் ஓராங் ஊத்தானின் உடம்பில் என்ன மாற்றம் தெரிந்தது? அந்த நேரத்தில் அத்தி மரம் ஏன் முக்கியமாகிறது?

2. விதை தாய்மரத்தின் கீழேயே விழுந்தால் என்ன ஆகும்? உங்கள் வட்டாரத்தில் பறவையோ வௌவாலோ நட்ட மரம் ஒன்றைக் கண்டுபிடித்து அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்.

3. ஓராங் ஊத்தான் எந்த விதத்தில் காட்டுக்கு உதவுகிறது? எந்த விதத்தில் உதவுவதில்லை?

4. உங்கள் வீட்டுச் சமையல் எண்ணெய், சவர்க்காரம், விளக்கு எண்ணெய்ப் புட்டிகளின் சீட்டைப் படியுங்கள். எதிலெல்லாம் பாமாயில் இருக்கிறது?

5. ஓர் உயிருக்கு உணவு கொடுப்பது எப்போது தர்மம், எப்போது தொந்தரவு? பெரியவர்களின் மனம் புண்படாமல் ஒரு வழக்கத்தை மாற்றுவது எப்படி? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. உங்கள் கிளையின் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள்.